பிட்டில்கோமின் ஸ்கோர் புத்தகம்

பிட்டில்கோம்,
3 செப்டம்பர் 1972

என் அருமை மருமகள் ஹெஸ்டருக்கு,

ஏழு வீடுகளும் பத்தொன்பது குடிமக்களும் ஒரு அடிகுழாயும் ஒரு சிற்றாலயமும் கொண்ட மாபெரும் பிட்டில்கோம் பேரரசிலிருந்து உன் மாமன் ஆம்ப்ரோஸ் எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. இடது முட்டி மட்டும் மழை வருவதை மூன்று நாள் முன்னதாகச் சொல்லிவிடுகிறது. வானொலிக்காரன் பொறாமையில் வெந்துகொண்டிருக்கிறான். எக்ஸிடரில் நீ எப்படியிருக்கிறாய்? என் அக்கா, உன் அம்மா, போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. அந்த வீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிடாதே. அடுப்பு மூட்டிச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்மேல் படையெடுப்பு நடந்திருக்கிறது.

ரோமானியர்கள் வந்தார்கள், டாலி விட்ஜர் வீட்டு வாத்தின் முப்பாட்டியைப் பார்த்துவிட்டு வந்த வழியே ஓடினார்கள். ஸ்பெயின்காரன் நூற்று முப்பது கப்பல்களோடு வந்தான். எங்கே தேடியும் நம் ஊர் அகப்படாததால் மனமுடைந்து மூழ்கினான். நாடிழந்த அரசர் மற்ற ஊர்களில் எல்லாம் ஓக் மரத்தில் ஒளிந்தாராம். நம் ஊரில் அடிகுழாய்க்குள் ஒளிந்தார். தண்ணீரில் இன்றும் கிரீடத்தின் துரு ருசிக்கிறது. இத்தனைக்கும் அசையாத பேரரசு, மேட்டுப் பண்ணையை வாங்கியிருக்கும் மேஜர் க்ரேக் என்ற ஒற்றை மனிதரால் ஆட்டம் கண்டிருக்கிறது.

குழாய்க்கும் ஆலயத்துக்கும் நடுவிலுள்ள ஊர்ப்புல்வெளி தன் பண்ணையோடு சேர்ந்தது என்கிறார். கோடைக்கு வரும் பட்டணத்துக்காரர்கள் தங்குவதற்காக அங்கே நாற்பது கேரவன் வண்டிகளை நிறுத்தப்போகிறாராம். பத்தொன்பது பேருக்கு நாற்பது வண்டி! புல்வெளியைப் பொது நிலமாகப் பதிவு செய்யும்படி மூன்று வருஷத்துக்கு முன் நான் அனுப்பிய விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எழுதியிருக்கிறார். ஆணையர் ஒருவர் வந்து விசாரிப்பாராம். நீ வக்கீல் அலுவலகத்தில் இருபது வருஷம் பேனா பிடித்தவள். எந்தப் பக்கமிருந்து வெட்டுவது என்று சொல். வாள் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் துருப்பிடித்தது.

பேரரசின் தளபதி,
உன் மாமன் ஆம்ப்ரோஸ் லஸ்கம்


எக்ஸிடர்,
9 செப்டம்பர் 1972

அன்புள்ள மாமா,

கடிதம் கண்டேன், இரண்டு முறை சிரித்தேன். இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாயிற்று. அடுப்பு மூட்டித்தான் சாப்பிடுகிறேன். உங்கள் முட்டிக்கு ஆட்டுக்கம்பளித் துணி அனுப்பியிருக்கிறேன். அதைக் கட்டிக்கொள்ளுங்கள், கொடியாக்கிப் பறக்கவிடாதீர்கள்.

ஆணையருக்கு ரோமானியர் வேண்டாம். ஊர்க்காரர்கள் அந்தப் புல்வெளியில் வழக்கமாக விளையாடி வந்திருக்கிறார்கள், யாரிடமும் அனுமதி கேட்காமல், தலைமுறையாக. இந்த ஒன்றை எழுத்தில் காட்டினால் போதும்.

அது நம்மிடம் இருக்கிறதே! வருஷந்தோறும், மேயிலோ ஜூனிலோ வரும் பெந்தெகொஸ்தே பண்டிகைத் திங்களன்று, குழாயடி அணிக்கும் ஆலய அணிக்கும் நடக்கும் கிரிக்கெட். அம்மா கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் ஒரு வருஷம்கூடத் தவறாமல் அங்கே வந்து ஸ்கோர் எழுதினாள். 1926 முதல் இந்த மே மாதம் வரை நாற்பத்தேழு ஆட்டம். ஒருமுறை பட்டியலில் ஏறிய பெயரை எடுப்பதில்லை என்பதும், செத்தவர் பெயரையும் முறை வரும்போது கூப்பிட்டு, குழாயடியிலிருந்து ஒரு ஆள் நடந்து வரும் நேரம் காத்திருந்த பிறகே "வரவில்லை" என்று எழுதுவதும் வேறு எந்த ஊரில் உண்டு? சின்ன வயதில் அந்த நேரம் எனக்குப் பயமாக இருக்கும். நிஜமாகவே யாராவது வந்துவிட்டால்?

அந்தப் புத்தகத்தைக் கடைசியில் அம்மா உங்களிடம் கொடுத்ததாகச் சொன்னாள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹெஸ்டர்


பிட்டில்கோம்,
30 செப்டம்பர் 1972

அன்பு மருமகளே,

கம்பளித் துணி வந்தது. முட்டி இப்போது மழையை ஐந்து நாள் முன்னதாகவே சொல்கிறது. உனக்கு இருமல் ஒன்றும் இல்லையே?

நேற்று மேஜரைக் குழாயடியில் நேருக்கு நேர் சந்தித்தேன். நடந்ததை அப்படியே தருகிறேன்.

"மிஸ்டர் லஸ்கம், பத்தொன்பது பேருக்கு எதுக்குய்யா ரெண்டு ஏக்கர் புல்வெளி?"

"ஓடியாட வேணாமா மேஜர்?"

"யாரு ஓடுறா? உங்க ஊர்ல அறுபது வயசுக்காரனைச் சின்னப் பையன்னு கூப்பிடுறாங்க!"

"அதனாலதான் மெதுவா ஓடுறோம். மெதுவா ஓடுறவனுக்குத்தான் நெறைய நேரம் எடுக்கும், நெறைய எடம் வேணும்."

அவர் மீசை தானாகவே இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. டாலி விட்ஜர் வாளியை வைத்துவிட்டுக் கைதட்டினாள். வாத்தும் தட்டியது.

புத்தகம் என்றாயே, அதில் ஒரு சிறு சிக்கல். எலி. நம் ஊர் எலிகள் படிப்பில் ஆர்வமுள்ளவை. 1926 முதல் 1972 வரை ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டன. புத்தகம் எதற்கு? நானே இருக்கிறேனே சாட்சிக்கு! 1934இல் நான் அடித்த நூற்று மூன்றை மறந்துவிட்டாயா? கடைசிப் பந்து ஆலய ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போய், பிரசங்கத்தைக் கொஞ்சம் கேட்டு, மறுபக்கமாக வெளியேறி பிரான்ஸ் நோக்கிப் போனது. ஒட்டுப் போட்ட கண்ணாடி இன்றும் இருக்கிறது. ஆணையருக்கு அதைக் காட்டுவேன்.

நூற்று மூன்று ரன்களின் நாயகன்,
ஆம்ப்ரோஸ்


எக்ஸிடர்,
6 அக்டோபர் 1972

அன்புள்ள மாமா,

இருமல் இல்லை. தலைவலிதான், அதுவும் இன்று மதியத்திலிருந்துதான். உங்கள் விண்ணப்பத்தின் நகலை வரவழைத்துப் படித்தேன். பதினான்கு பக்க "பிட்டில்கோம் மகா சரித்திரம்" ஒன்றை அதோடு இணைத்தீர்களா? குழாய்க்குள் அரசர், நூற்று மூன்று ரன், எல்லாம் உங்கள் கையெழுத்தோடு?

மேஜரின் வக்கீல் கையிலும் இந்த நகல் இருக்கும் மாமா. அதைப் படித்த பிறகு நீங்கள் வாயால் சொல்லும் எதையும் யாரும் நம்பப்போவதில்லை. அம்மாவின் கையெழுத்தை நம்புவார்கள். எலி மிச்சம் வைத்ததையாவது அனுப்புங்கள்.

ஹெஸ்டர்


பிட்டில்கோம்,
20 நவம்பர் 1972

அன்பு மருமகளே,

பதில் தாமதமானதற்கு மன்னிப்பாய். இங்கே குளிர். பேசும் வார்த்தை காற்றில் உறைந்து கீழே விழுகிறது. பொறுக்கி எடுத்துக் கணப்பில் வைத்தால்தான் என்ன சொன்னார்கள் என்று தெரிகிறது. நீ தொண்டைக்குச் சூடாக ஏதாவது குடி.

யோ கிழவரின் பன்றி பத்தொன்பது குட்டி போட்டது. மொத்த மக்கள்தொகையில் இப்போது பன்றிகளுக்கே பெரும்பான்மை. தேர்தல் வந்தால் கஷ்டம்.

புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது.

அன்பு மாறாத,
மாமன்


எக்ஸிடர்,
27 நவம்பர் 1972

அன்புள்ள மாமா,

தொண்டை சுகம். உங்கள் ஊரில் எனக்குத் தெரிந்து வெள்ளம் வந்ததில்லை. எலி நீந்திப் போய்த் தின்றதா, வெள்ளம் எலியோடு கொண்டுபோனதா என்று ஒரு வரி எழுதுங்கள்.

ஹெஸ்டர்


குழாயடி வீடு, பிட்டில்கோம்,
14 ஜனவரி 1973

ஹெஸ்டர் கண்ணுக்கு,

டாலி அத்தை எழுதுகிறேன். நானும் வாத்தும் சுகம். உன் மாமனும் சுகம்தான், ஆனால் மூன்று வாரமாகப் பொய் சொல்லவில்லை. எனக்குக் கவலையாக இருக்கிறது.

உன் கடிதங்களுக்கு அவர் பதில் போடவில்லை என்று தபால்காரர் சொன்னார். புத்தகம் எங்கேயும் போகவில்லையடி. அவர் ரொட்டிப் பெட்டியில் இருக்கிறது. ரொட்டியை ஜன்னலில் வைத்திருக்கிறார்.

உனக்குச் சொல்லிவிடுகிறேன். 1934இல் அந்தக் கண்ணாடியை உடைத்தது நான். ஒரே அடி, ஆறு ரன். என் அப்பா ஆலயத்தின் மூப்பர். பெண்பிள்ளை மட்டையைத் தொடுவதே அவருக்குப் பிடிக்காது. அன்றோடு என்னை வீட்டில் பூட்டியிருப்பார். அவர் வெளியே ஓடிவந்து "எவன்டா அது?" என்று கத்தினபோது, தன் முறையில் பூஜ்யத்துக்கு அவுட்டாகி, எங்கள் முறையில் பந்து பொறுக்காமல் புல்லில் உட்கார்ந்திருந்த உன் மாமன் எழுந்து, "நான்தாங்க. நூறு தாண்டின வேகத்துல கை நிக்கல" என்றார். அப்பா அவர் காதைத் திருகின திருகலில் காது இன்றும் கொஞ்சம் கோணல், கவனித்துப் பார். உன் அம்மா மட்டும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நான் நடந்ததைத்தான் எழுதுவேன். ஆனா யாருக்கும் காட்ட மாட்டேன்" என்றாள். சாகும்வரை காட்டவில்லை.

பிறகு உன் மாமனுக்கு அந்த நூற்று மூன்று ருசித்துப்போயிற்று. கண்ணு, அவர் வாழ்க்கையிலேயே ஒரு ரன் எடுத்ததில்லை. நாற்பத்தேழு வருஷமும் பூஜ்யம். அதை விசாரணையில் எல்லாருக்கும் முன்னால் வாசிப்பார்களே என்றுதான் உதறல். என் பெயர் வெளியே வருமே என்றும் ஒரு உதறல். என் அப்பா செத்து இருபத்திரண்டு வருஷமாச்சு, உன் மாமன் இன்னும் காதைப் பொத்திக்கொள்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. 1936இல் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். கல்யாணமானால் இருவரும் ஒரே அணியில் ஆட வேண்டும், ஒருவர் மற்றவர் பக்கம் மாற வேண்டும் என்பது ஊர் வழக்கம். வேறு எதற்காகவும் யாரும் அணி மாறக்கூடாது. "நீ ஆலய அணிக்கு வா" என்றார். "நீர் குழாயடிக்கு வாரும்" என்றேன். முப்பத்தாறு வருஷமாக இரண்டு பேரும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

உன்,
டாலி அத்தை


எக்ஸிடர்,
20 ஜனவரி 1973

அன்புள்ள மாமா,

உங்கள் முட்டி எப்படி? பதில் இல்லாததால் உங்கள் கையும் சுகமில்லையோ என்று கேட்கிறேன்.

விசாரணை மார்ச் 8, சந்தைப்பேட்டை மண்டபத்தில். நான் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். கட்டுப் போட்டிருக்கிறார்கள், என்னால் வர முடியாது. நீங்கள்தான் நிற்க வேண்டும்.

நான் புத்தகத்தைப் பார்க்கக் கேட்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்றும் கேட்கவில்லை. மார்ச் 8 அன்று அது மேஜைமேல் இருந்தால் புல்வெளி நம்முடையது. இல்லாவிட்டால் ஜூன் மாதம் பெயர் கூப்பிடும்போது காத்திருக்க இடம் இருக்காது. நாற்பது கேரவன்களுக்கு நடுவில் யார் நடந்து வருவார்கள்? கடலில் போன ஹாரி மாமா எந்த வழியாக வருவார்?

ஹெஸ்டர்


பிட்டில்கோம்,
2 பிப்ரவரி 1973

அன்பு ஹெஸ்டர்,

காலைத் தரையில் ஊன்றாதே. எலும்பு சேர இன்னும் ஆறு வாரம் ஆகும். டாலி ஆட்டெலும்புச் சூப்பை ஜாடியில் அனுப்புகிறாள், சூடு பண்ணிக் குடி.

என் தம்பி ஹாரி போரில் கப்பலோடு மூழ்கின அடுத்த வருஷம், 1942இல், அவன் பெயரைக் கூப்பிட்டபோது அக்கா குழாயடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம். பிறகுதான் எழுதினாள்.

புத்தகத்தைக் கொண்டுபோகிறேன்.

ஆம்ப்ரோஸ்


பிட்டில்கோம்,
9 மார்ச் 1973

அன்பு ஹெஸ்டர்,

சுகம். கணுக்கால் தேவலையா? விசாரணை முடிந்தது. புல்வெளி நம்முடையதாம். மண்டபத்தில் நாற்காலிகள் கடினம்.

மாமன்


குழாயடி வீடு, பிட்டில்கோம்,
11 மார்ச் 1973

ஹெஸ்டர் கண்ணு,

சூப் ஜாடியைத் திருப்பி அனுப்ப அவசரமில்லை. உன் மாமன் மூன்று வரி எழுதியிருப்பார் என்று தெரியும். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

பத்தொன்பது பேரும் யோ கிழவரின் மாட்டு லாரியில் போனோம். மேஜரின் வக்கீல் வழவழவென்று இருந்தார். மகா சரித்திரத்தை ஒரு கையிலும் புத்தகத்தை ஒரு கையிலும் எடுத்தார்.

"மிஸ்டர் லஸ்கம், 1934ல நூத்திமூணு அடிச்சதா எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இந்தப் புத்தகம் பூஜ்யம்னு சொல்லுது. ஒண்ணு இது பொய், இல்ல நீங்க பொய். எது?"

மேஜர் மீசையைத் தடவினார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மேஜர் ஒருநாள் விடாமல் போகும் மதுக்கடைக்காரர் உட்பட, உன் மாமன் அந்த நூற்று மூன்றைச் சொல்லிச் சொல்லிப் பீர் வாங்கிக் குடித்த அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"நான்தான் பொய் ஐயா. முப்பத்தொம்பது வருஷமா. எங்க அக்கா எழுதுனதுல ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நாப்பத்தேழு ஆட்டம், நாப்பத்தேழு பூஜ்யம். எண்ணிப் பாத்துக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை கண்ணு. சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

வக்கீல் விடவில்லை. "அப்போ ஜன்னலை உடைச்சது யாரு?"

உன் மாமன் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நான் எழுந்தேன். "நான்தான்யா! ஆறு ரன். எங்கப்பா மேலேருந்து கேக்குறாருன்னா நல்லாவே கேக்கட்டும்!" அப்போதுதான் சிரித்தார்கள்.

வக்கீலுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பொம்பளை ஒரே குளிர்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து இந்தப் புத்தகம் முழுவதையும் எழுதியிருக்க முடியாதா என்று கேட்டார். ஆணையர் வயதானவர், காதில் கருவி. பதில் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினார். பெயர்களைத் தனக்குத்தானே வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். "ஹாரி லஸ்கம்" என்றார்.

அவ்வளவுதான். நாங்கள் பத்தொன்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். யாரும் சொல்லிவைக்கவில்லை. யோ கிழவர் இருமலைக்கூட அடக்கிக்கொண்டார். அத்தனை பேரும் மண்டபத்து வாசலைப் பார்த்தோம். ஆணையர் நிமிர்ந்து, கருவி கெட்டுவிட்டதோ என்று காதைத் தட்டிப் பார்த்தார். குழாயடியிலிருந்து நடந்து வரும் நேரம் ஆயிற்று. பிறகு எல்லாரும் ஒரே குரலில், "வரலை" என்றோம்.

"எதுக்காகக் காத்திருந்தீங்க?" என்று கேட்டார் ஆணையர்.

யோ கிழவர்தான் சொன்னார். "நடந்து வரணும்ல ஐயா. தூரம் இருக்குதே."

ஆணையர் புத்தகத்தை மெதுவாக மூடினார். எழுத்தில் பிறகு வரும், ஆனால் தன் மனதில் சந்தேகம் ஒன்றும் இல்லை, இது ஊரின் புல்வெளி என்று அங்கேயே சொல்லிவிட்டார். மேஜர் வெளியே வந்து உன் மாமனிடம் கை நீட்டினார். "நாப்பத்தேழா?" என்றார். "நாப்பத்தேழு" என்றார் உன் மாமன். "நெஞ்சுரம் வேணும்யா அதுக்கு," என்று மேஜர் தொப்பியைத் தொட்டார்.

லாரியில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கின பிறகு உன் மாமன், "டாலி, குழாயடிப் பக்கம் வெயில் அதிகமா அடிக்குமோ?" என்று கேட்டார். வெயிலைப் பற்றி எதற்குக் கேட்டாரோ, எனக்குத் தெரியாது.

டாலி அத்தை


பிட்டில்கோம்,
12 ஜூன் 1973

மகாகனம் பொருந்திய ஸ்கோர் எழுத்தாளர் ஹெஸ்டர் அவர்களுக்கு,

நேற்று மாலை ரயிலேறிய நீ சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? கணுக்கால் வீங்கவில்லையே? இங்கே மழை இன்னும் விடவில்லை. என் முட்டி இதை முன்கூட்டியே சொல்லத் தவறிவிட்டது. பதவிநீக்கம் செய்திருக்கிறேன்.

ஒரு கொடிய அநீதி குறித்து முறையிடுகிறேன். நேற்று, உலக சரித்திரத்தில் முதல்முறையாக, நான் ஒரு ரன் எடுத்தேன். பந்து இடிபோல் வந்தது. நான் மலைபோல் நின்றேன். அது என்மேல் மோதிச் சிதறி, புல்வெளியெங்கும் திசை தெரியாமல் ஓடியது. நானும் ஓடினேன். மேஜர் க்ரேக் பட்டணத்திலிருந்து வந்த ஆறு விருந்தாளிகளோடு எழுந்து நின்று கைதட்டினார். மக்கள் கடல்! பதிவேட்டில் உடனே திருத்தம் செய்து, நகல் ஒன்றை எனக்கு அனுப்பவும். கண்ணாடிச் சட்டம் தயாராக இருக்கிறது.

மற்றபடி இங்கே விசேஷமாக ஒன்றும் இல்லை.

ஒற்றை ரன்னின் நாயகன்,
ஆம்ப்ரோஸ்


எக்ஸிடர்,
15 ஜூன் 1973

அன்புள்ள மாமா,

சுகமாக வந்து சேர்ந்தேன். கால் வீங்கவில்லை. புத்தகத்தை அம்மாவின் அலமாரியில் வைத்திருக்கிறேன், எலிக்கு இடமில்லை.

உங்கள் முறையீட்டைப் பரிசீலித்தேன். பந்து மட்டையில் படவில்லை மாமா. முட்டியில் பட்டது. பதவிநீக்கம் செய்தீர்களே, அதே முட்டியில். அது லெக் பை. ரன் அணிக்குச் சேரும், உங்களுக்குச் சேராது. அம்மாவின் பேனாவை வைத்துக்கொண்டு வேறு எதுவும் எழுத எனக்குக் கை வரவில்லை.

விசேஷம் ஒன்றும் இல்லை என்கிறீர்கள். திங்கட்கிழமை காலையில், "என் பேரை எந்தப் பக்கத்துல எழுதறதுன்னு டாலிகிட்ட கேட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனீர்கள். அவரிடம் கேட்டேன். எழுதினேன். அணி மாற ஒரே காரணம்தான் உண்டு என்பது எனக்கும் தெரியும். பத்திரிகை அடிக்கும்போது தேதியைச் சொல்லுங்கள், விடுப்பு எடுக்க வேண்டும்.

நீங்கள் கேட்ட நகல் கீழே. ஒரு எழுத்தும் திருத்தவில்லை.

குழாயடி அணி. 11 ஜூன் 1973. மழையால் ஆட்டம் நின்றது.
ஹாரி லஸ்கம்: வரவில்லை.
டாலி விட்ஜர்: 14, நாட் அவுட்.
ஆம்ப்ரோஸ் லஸ்கம்: 0, நாட் அவுட்.

ஹாரி மாமா ஆலய அணிதானே, இங்கே எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். அண்ணன் போகும் பக்கம்தான் தம்பியும் போவான் என்று டாலி அத்தை சொன்னார். ஹாரி மாமா பெயரைக் கூப்பிட்டபோது மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காத்திருந்தேன். புல்வெளி காலியாக இருந்தது, நடந்து வர நல்ல வழி இருந்தது.

உங்கள் மருமகள்,
ஹெஸ்டர்